கறுப்பி ஏறிப்போன மெஷின்

வீட்டுக்காரம்மா வாடகை வாங்க வருகிற நாளில், மெஷினக்கா வீட்டுப் பின்பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஐந்து வாஷிங் மெஷின்களின் கதவுகளும் சாத்தியிருக்கும். மேலே பழைய போர்வைகள் தொங்கும். மற்ற நாட்களில் ஐந்தும் ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

குழாய் ஒழுகுகிறதா, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று நோட்டம் விட்டுக்கொண்டே வீட்டுக்காரம்மா பின்பக்கம் வரை வருவாள்.

"இதெல்லாம் போன மாசமே பார்த்தேனே. இன்னுமா ரிப்பேர் முடியல?"

"பழைய மாடல்ம்மா. பார்ட்ஸ் கிடைக்கல."

சொல்லும்போது மெஷினக்கா தரையைப் பார்ப்பாள். மெஷின்களுக்குள் ஐந்து கோழிகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். இருட்டிவிட்டால் கோழிக்கு அது ராத்திரி. பட்டப்பகலில் ஒரு போர்வையைப் போட்டு ராத்திரியை வரவழைக்கும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. வீட்டுக்காரம்மா தெருமுனை திரும்பியதும் போர்வைகளை உருவுவாள். கோழிகள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி, இவ்வளவு சீக்கிரமா விடிந்துவிட்டது என்று சந்தேகத்தோடு இறங்கும். மெஷினக்காவுக்கு அப்போதுதான் நெஞ்சு லேசாகும். சாயங்காலத்துக்குள் அது மறுபடி கனத்துவிடும்.

அந்தக் கனத்துக்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. ஏமாற்றுவது யாரை என்று அவளுக்குத் தெரியும்.

சின்ன வயதில் அவள் வீடு வீடாகப் போய்த் துணி துவைத்தவள். வீடுகளில் மெஷின் வர வர அவளுக்கு வேலை குறைந்தது. கடைசியாக மிஞ்சிய வீட்டிலும் ஒரு மெஷின் வந்து இறங்கியது. அது ஒரு நாள் தண்ணீரை வெளியே விடாமல் மக்கர் பண்ணியபோது, வீட்டில் யாரும் இல்லாத தைரியத்தில் அவள் கீழே இருந்த சின்ன மூடியைத் திருகிப் பார்த்தாள். அடைத்துக்கொண்டிருந்த சட்டைப் பொத்தானும் ஒரு ஹேர்ப்பின்னும் வெளியே வந்து விழுந்தன. மெஷின் ஓடியது. தன் வாயில் மண்ணைப் போட்ட சாமான் இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். பிறகு ஒரு ரிப்பேர் கடையில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, ஸ்பானர் பிடித்து, கடைசியில் தனியாகவே மெஷின் பிரிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். அவள் கணவன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அவள் சரிபண்ணுவாள், அவன் ஏற்றி இறக்குவான். தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் மறந்தே போயிற்று. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மெஷினக்காதான்.

தொழில் கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்ற வார்த்தையைக் கேட்டதும் வீடு காட்டியவர்கள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் வீணாகும், சத்தம் வரும், தரை கீறும். ஏறாத படி இல்லை. இந்த வீட்டுக்காரம்மா ஒருத்திதான் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நீதான் ரிப்பேர் பண்றியா? உன் வீட்டுக்காரர் இல்லையா?"

"நான்தாம்மா. அவர் தூக்குவார்."

"நல்லது. சத்தம் வந்தா வரட்டும், நான் மூணு தெரு தள்ளி இருக்கேன். சாக்கடை அடைச்சா நீயே எடுத்துக்கணும். ஒரே ஒரு கண்டிஷன். பிராணி மட்டும் கூடாது. முன்னாடி இருந்தவங்க ரெண்டு நாய் வச்சிருந்தாங்க. கதவு நிலையெல்லாம் பிஸ்கட் மாதிரி கடிச்சு வச்சிருந்தது."

அவர்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் படிக்காத படிப்பைப் படித்துக்கொண்டிருந்த மகள்தான் ஒப்பந்தத்தை உரக்க வாசித்தாள். நாய், பூனை உள்ளிட்ட எவ்வகைப் பிராணியும் வளர்க்கக் கூடாது.

"எவ்வகைப் பிராணியும்னா நானும் சேர்த்தியா?" என்றான் அப்பா.

"உங்கள நான் வளர்க்கல, சகிச்சுக்கிறேன்" என்றாள் மெஷினக்கா. வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அன்று ராத்திரி சாமான்களை அடுக்கி முடித்து, பின்பக்கக் குழாயைத் திறந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே மெஷினக்கா கொஞ்ச நேரம் நின்றாள். அந்த அம்மா நன்றாக இருக்கவேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்படிச் சொன்னவளுக்கு ஏமாற்ற எப்படி மனசு வந்தது? யோசித்து வந்ததில்லை, அதுதான் விஷயம். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு கூடையில் மூன்று கோழிகள். இதுகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டாள். கறிக்கடைக்காரர் வருவார் என்றார்கள். அதில் ஒரு கறுப்புக் கோழி தலையைச் சாய்த்து அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் எடுத்துக்கிறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து கூடையை இறக்கிய பிறகுதான் ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்று ஐந்தாயிற்று. அவற்றுக்குக் கூடு வாங்கி வைத்தால் ஊருக்கே தெரியும். உயிர் போன பழைய மெஷின்கள்தான் கைவசம் இருந்தனவே. மோட்டாரைக் கழற்றினாள். ட்ரம் சுற்றாமல் கட்டை வைத்து அடைத்தாள். கதவைச் சாத்தினாலும் காற்றுப் போகும்படி ஓரத்து ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டாள். உள்ளே ஒரு பழைய துண்டு. கோழிகளுக்கு அந்த வட்ட வீடு பிடித்துப்போயிற்று. காலையில் துணி எடுப்பதுபோல் கையை விட்டு முட்டை எடுப்பாள்.

கறுப்பி அடைக்கு உட்கார்ந்தபோது ஊருக்கு வெளியே ஒரு வாடிக்கையாளரிடம் சேவல் கூடிய முட்டைகளாக ஏழு வாங்கி வந்து வைத்தாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அஞ்சுக்கே பயந்து சாகறோம். இதில குஞ்சு வேறயா?"

"அதுவா உட்கார்ந்துடுச்சுடி. நான் என்ன பண்ண?"

"அதுகிட்ட ஒப்பந்தத்த வாசிச்சுக் காட்ட வேண்டியதுதான" என்றான் அப்பா.

இந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரம்மாவின் மெஷின் ரிப்பேருக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் வெளியேற்றும் பம்ப் போயிருந்தது. நல்ல மெஷின்தான். ஆனால் மேல்பலகையில் எப்போதோ சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்து, அதன் வடிவத்திலேயே பழுப்பாக ஒரு தழும்பு. ஏற்றி வந்த கணவன், "படகு வரைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இறக்கினான்.

மெஷினக்கா அந்தப் பம்ப்பை மாற்றிய கையோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இந்த அம்மாவுக்கு ஏதாவது செய்யவேண்டும், கேட்காமலே செய்யவேண்டும். கறுப்பி உட்கார்ந்திருந்த பழைய மெஷின் அதே கம்பெனி, அதே வெள்ளை. அதன் மேல்பலகை கண்ணாடிபோல் இருந்தது. பின்னால் இரண்டு திருகாணி, அவ்வளவுதான். பளபளப்பான பலகையை வீட்டுக்காரம்மாவின் மெஷினுக்கு மாட்டினாள். தழும்பு விழுந்த பலகையைக் கறுப்பியின் தலைக்கு மேல் வைத்தாள். கறுப்பி ஒரு உறுமல் உறுமிவிட்டு மறுபடி பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது. வீட்டுக்காரம்மா முகத்தில் வரப்போகும் ஆச்சரியத்தை நினைத்து மெஷினக்கா தனியாகச் சிரித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வேறொரு வீட்டில் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது போன் வந்தது.

"வீட்டுக்காரம்மா மெஷின் ரெடியா? அந்தப் பக்கம்தான் லோடு போறேன். ஏத்திக்கவா?"

"ரெடிங்க. ஏத்திக்கோங்க."

"எது, படகு போட்டதுதான?"

அவள் வாயில் ஒரு திருகாணி இருந்தது. எதிரே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ம்" என்றாள்.

கணவன் படகு போட்ட மெஷினின் கதவைச் சாத்தினான். உள்ளே துண்டின் ஓரம் மட்டும் தெரிந்தது, கறுப்பி இருட்டோடு இருட்டாக இருந்தது. அனுப்புகிற எல்லா மெஷினிலும் மிச்ச ஈரம் உறிஞ்ச அவள் துண்டு வைப்பது வழக்கம். கயிற்றால் கட்டிப் போர்வையைப் போர்த்தினான். தூக்கும்போது கனம் குறைந்திருந்தது. அம்மணி எதையோ தேவையில்லாததைக் கழற்றிவிட்டாள், கெட்டிக்காரி என்று பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டானாம். மூன்று தெரு தாண்டி, வீட்டுக்காரம்மாவின் துவைக்கும் இடத்தில் இறக்கி, கயிற்றை அவிழ்த்துவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டான்.

மெஷினக்கா வீடு திரும்பிப் பின்பக்கம் வந்தாள். பளபளக்கிற மேல்பலகையோடு ஒரு மெஷின் நின்றது. பக்கத்தில், கறுப்பி இருந்த இடத்தில், நான்கு கால் தடமும் சதுரமாய்க் கொஞ்சம் தூசியும்தான் இருந்தன.

குனிந்து அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் நிமிர்வதற்குள் போன் அடித்தது.

"வாஷிங் மெஷினுக்குள்ள கை விட்டேன்" என்றது வீட்டுக்காரம்மாவின் குரல், ரொம்ப நிதானமாக. "என்னை எதுவோ கொத்திடுச்சு. நீ கொஞ்சம் வர்றியா?"

சரக்கு ஆட்டோவில் அவர்கள் மூன்று பேரும் போனார்கள். பின்னால் நிஜ மெஷின். வாடகைக்கு வீடு தேடி அலைந்த தெருக்களில் ஒன்றிரண்டு குறுக்கே வந்தன. மகள்தான் பேசிக்கொண்டே வந்தாள்.

"அம்மா, நான் பேசறேன். கோழிய செல்லப்பிராணின்னு சொல்ல முடியாது. நாய் பூனைன்னு எழுதிட்டு எவ்வகையும்னு போட்டா அதே மாதிரி உள்ளதுன்னு வாதாட இடம் இருக்கு..."

"நீ வாய மூடிக்கிட்டு வர்றதா இருந்தா வா. இல்லாட்டி இங்கயே இறங்கிக்க."

மகள் பேச்சை நிறுத்தினாள். தான் இவ்வளவு படித்தது அம்மாவை ஒரு பொய்யிலிருந்து இன்னொரு பொய்க்குத் தாண்டவைக்கத்தானா என்று அப்போது அவளுக்கே உறுத்தியது. பிறகு அதை அம்மாவிடம் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா ஆட்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். மெஷினுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கறுப்பி உதறிப் போட்ட தலையணைபோல் பரந்து கிடந்தது. ஆட்டோவில் வந்ததற்கான அடையாளமே அதன் முகத்தில் இல்லை.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ரெண்டு வருஷமா இருக்கும்மா."

"இது ஒண்ணுதானா?"

"அஞ்சு."

"அப்ப அந்த அஞ்சு மெஷின்?"

மெஷினக்கா தலையாட்டினாள்.

"பார்ட்ஸ் கிடைக்கலன்னு சொன்னியே."

கணவன் தொண்டையைச் செருமினான். "தப்பு என்னோடதுதாங்க. படகப் பார்த்து ஏத்திட்டேன்."

"என்ன படகு?"

அவன் மேல்பலகையைக் காட்டினான். வீட்டுக்காரம்மா தழும்பையும், ஆட்டோவில் பளபளத்துக்கொண்டிருந்த தன் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். மெஷினக்கா திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். நல்ல பலகையாக மாட்டித் தரலாம் என்று நினைத்தது, சொல்லாமல் வைத்திருந்தது, எல்லாம்.

"கேக்காமயே எனக்குப் பலகை மாத்தற. கேக்காமயே என் வீட்டில கோழி வளர்க்கற. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டா உன் வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"வீடு குடுத்ததே பெரிசும்மா. அதுக்கு மேல இன்னொண்ணு கேக்க நாக்கு எழும்பல."

"ஓ. அதனால ஒளிச்சு வச்சுக்கிட்ட. நல்லாத்தான் இருக்கு உன் நன்றி."

மெஷினக்காவின் கண் நிறைந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் கணவன் நிலைமையைச் சீர்செய்கிற நினைப்பில் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து மெஷினைக் கட்டிப் பிடித்தான்.

"எங்க தூக்கறீங்க?" என்று ஒரு அதட்டல் விழுந்தது.

"வீட்டுக்குத்தாங்க..."

"கீழ வைங்க. முப்பது வருஷம் பிரசவ வார்டுல நர்ஸா இருந்திருக்கேன். வலியோட வந்தவள வேற ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டதில்ல. இன்னும் எத்தனை நாளாகும்?"

"பத்து பன்னிரண்டு நாள் ஆகலாம்மா."

"அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். நீ காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ வந்து தீனியும் தண்ணியும் பார்த்துக்க. உன் வீட்டு விஷயம் குஞ்சு பொரிச்சதுக்கப்புறம் பேசறேன்."

திரும்பும்போது, "அப்புறம் பேசறேன்னா காலி பண்ணச் சொல்லப்போறாங்களா?" என்று மகள் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அன்றே அவள் போனில் வாடகை வீடுகளைத் தேட ஆரம்பித்தாள். பின்பக்கத்தில் குழாயும் சாக்கடையும் இருக்கிற வீடு ஒன்றுகூட அகப்படவில்லை.

மெஷினக்கா சொன்னபடி காலையும் மாலையும் போனாள். முதல் நாட்களில் வீட்டுக்காரம்மா பேச்சுக் கொடுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு சாயங்காலம் ஸ்டூல் மறுபடி மெஷினுக்கு முன்னால் கிடந்தது. வீட்டுக்காரம்மா கையில் ஒரு சின்ன டார்ச்.

"முட்டைய வெளிச்சத்தில வச்சா உள்ள தெரியுமாமே?"

கறுப்பியின் வயிற்றுக்குக் கீழிருந்து மெஷினக்கா ஒரு முட்டையை எடுத்தாள். கொத்து அவள் கையில் விழுந்தது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்காரம்மா டார்ச்சை முட்டையின் அடியில் பிடித்தாள். சிவப்பு நரம்புகள் பின்னிக்கிடந்தன. நடுவில் கறுப்பாக ஒன்று அசைந்தது.

"அட" என்றாள் வீட்டுக்காரம்மா, மூச்சுக்குள்ளேயே. எத்தனை குழந்தைகளைப் பார்த்தவளோ, அவள் குரல் அப்படி இறங்கியது. ஏழையும் பார்த்தார்கள். ஒன்று மட்டும் வெறுமையாகப் பிரகாசித்தது. "இது ஒட்டல" என்று அதைத் தனியே வைத்தாள். பிறகு இரண்டு டம்ளர் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டீயைக் குடித்துக்கொண்டே, அந்த நாய்க்காரக் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன கதையைச் சொன்னாள். நாயைக்கூட மன்னித்துவிட்டாளாம். ஒவ்வொரு மாதமும் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவர்கள் மறைத்ததைத்தான் மறக்க முடியவில்லையாம்.

"தப்புதாம்மா" என்றாள் மெஷினக்கா. அதற்கு மேல் அலங்காரம் எதுவும் வைக்கவில்லை.

"தெரியுதுல்ல, சரி. டம்ளர வை. கழுவாத, நானே கழுவிக்கிறேன்."

பொரிக்கிற அன்று விடிகாலையிலேயே போன். "உள்ள கீச்சுனு சத்தம். ஓடி வா." ஐந்து குஞ்சுகள் மளமளவென்று வந்துவிட்டன. ஆறாவது, ஓட்டில் ஓட்டை போட்டு மூக்கை மட்டும் நீட்டிவிட்டு அப்படியே நின்றது. மெஷினக்காவின் கை தன்னால் நீண்டது. எந்த மூடி சிக்கினாலும் நெம்பிப் பழகிய கை. வீட்டுக்காரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தபடி, கையைக் கோத்துக்கொண்டு, மெஷினின் வட்ட வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஜன்னலைத் தாண்டி வந்தபோது ஓடு இரண்டாகப் பிளந்தது. ஈரத்தில் நனைந்த நூல்கண்டுபோல் ஒன்று துண்டின்மேல் உருண்டு விழுந்தது.

வீட்டுக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "சரி. இப்பப் பேசலாம்."

மெஷினக்காவும் எழுந்து நின்றாள். எந்தத் தெருவில் முதலில் கேட்பது என்றுகூட மனசு ஓடத் தொடங்கியிருந்தது.

"கண்டிஷன் போட்டா போட்டதுதான். அந்த வீட்டில பிராணி கூடாது. நாளைக்கு இன்னொருத்தருக்கு விடறப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதச் சொல்வேன்?"

"ஆமாம்மா."

"அதனால அஞ்சு மெஷினையும் இங்க மாடிக்குக் கொண்டு வந்துடு. மாடி சும்மாதான் கிடக்கு. இது என் சொந்த வீடு, யாரும் எனக்குக் கண்டிஷன் போட முடியாது. கோழி உன்னோடதுதான், இடம் மட்டும் என்னோடது. ஆனா ரெண்டு வேளையும் நீ வரணும். நான் பார்த்துக்குவேன்னு நினைக்காத."

மெஷினக்கா கைகூப்பக்கூட மறந்து நின்றாள். "வீடு..." என்றாள்.

"வீட்டுக்கு என்ன? வாடகை வாங்க நான் வருவேன். கதவத் திறந்து வச்சிரு."

ஞாயிற்றுக்கிழமை மாடியேற்றினார்கள். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் அதிராமல் இருக்க வைத்த சிமெண்ட் பாளம் இருந்தது. அதைக் கழற்றவேண்டும் என்று முதல் மெஷின் பாதிப் படி ஏறிய பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. "மோட்டாரக் கழட்டின மகராசி இதயும் கழட்டியிருக்கக் கூடாதா?" என்று கணவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மகள் கீழிருந்து தாங்கிக்கொண்டு, "அப்பா, சீக்கிரம், என் பட்டம் நசுங்குது" என்று கத்தினாள். வீட்டுக்காரம்மா மேலே நின்று இடது, வலது என்று வழி சொன்னாள். அது யாருக்கும் உதவவில்லை.

இப்போது மெஷினக்காவின் காலை மாடியில்தான் தொடங்குகிறது. பின்பக்கத்தில் நிஜமாகவே ரிப்பேருக்கு வந்தவை மட்டும் நிற்கின்றன. கோழிச் சத்தம் இல்லாத முற்றம் முதலில் அவளுக்குக் காதை அடைத்ததுபோல் இருந்தது. இழந்தது ஒன்றும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கிடைத்ததை எண்ணினால் இழந்தது மிகச் சின்னது. யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிற சுகத்தை அவள் ரொம்ப நாளாக மறந்திருந்தாள்.

குஞ்சுகள் இறகு மாறி வளர்ந்த ஒரு சாயங்காலம், தீனி போட்டு முடித்த பிறகும் அவள் இறங்கிப் போகாமல் மாடியில் நின்றாள். வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அதில ரெண்டு சேவல். கொண்டை சிவக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் கொஞ்ச நாளில கூவும். வச்சுக்கலாமா, வேண்டாமா? வேண்டாம்னா ஊருக்கு வெளிய ஒருத்தர் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

வீட்டுக்காரம்மா ஒரு தலையணை உறையை நிதானமாக நான்காக மடித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று மெஷினக்கா பயந்துதான் போயிருந்தாள். ஆனாலும் தரையைப் பார்க்கவில்லை.

"ரெண்டு ஜாஸ்தி. சண்டை போட்டுக்கும். ஒண்ண அவருக்குக் குடுத்துடு" என்றாள் வீட்டுக்காரம்மா. "ஒண்ணு இருக்கட்டும். விடிகாலைல எழுந்து பழகின உடம்பு எனக்கு. எழுப்பத்தான் யாரும் இல்ல."